ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிய படம்: ஒரு தோட்டக் குடும்பத்தின் குருதி உறையாமை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் தொடங்கி, ஒரு லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) போய், கண்டியில் ஒரு வைத்தியசாலையில் தெளிவான விஷயம் இது. குடும்பத்தாரிடம் எழுதியதை வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். பெயர்களும் தோட்டமும் இல்லை. வயதுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். உறவுமுறைகளை மட்டும் மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முதல் தவறு என்னுடையது. இரண்டாவது தவறும் என்னுடையதுதான். முதலாவதைத் திருத்திய கையோடு செய்தது அது.

வகுப்பில் நடந்தது

தரம் 12, இலிங்கமிணைந்த தலைமுறையுரிமை: பரம்பரையலகுகளை (ஜீன்களை) சுமக்கும் நிறமூர்த்தங்களில், பாலோடு தொடர்புள்ள எக்ஸ், வை இரண்டிலும் ஓடும் இயல்புகள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு வையும். பாடத்துக்குக் கிடைத்த நேரம் குறைவு. நான் மாணவனாக இருந்தபோது எழுதிய குறிப்பை அப்படியே கரும்பலகையில் போட்டேன்: 'ஆண்களில் மட்டும் தோன்றும், தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் எனில் வை நிறமூர்த்தத்துக்குரியது.' உதாரணம், காதுமடலில் அடர்ந்து வளரும் மயிர். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒரு பழைய கங்காணியின் காது இருந்தது.

வீட்டு வேலையாக, தங்கள் குடும்பத்தில் ஓடும் ஏதாவது ஓர் இயல்பை வம்சாவளிப் படமாக வரைந்துவரச் சொன்னேன். பெரும்பாலானோர் கன்னக்குழி, சுருள்முடி என்று வரைந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 'ரத்தம் நிற்காத வியாதி' என்று தலைப்பிட்டிருந்தாள்.

இந்தப் படங்களில் சதுரம் ஆண், வட்டம் பெண், கறுப்பு என்றால் வியாதி உள்ளவர். அவள் படத்தில் மூன்று சதுரங்கள் கறுப்பாக்கப்பட்டிருந்தன. ஒன்று அவளுடைய அம்மாச்சியின் (அம்மாவின் அம்மா) அண்ணன். கவ்வாத்து வெட்டும்போது கத்தி தொடையில் பட்டு, மூன்று நாள் துணியை மாற்றி மாற்றிக் கட்டியும் நிற்காமல், கலியாணத்துக்கு முன்பே இறந்தவர். அடுத்தது அவளுடைய தாய்மாமன். நான்கு வருடங்களுக்கு முன் தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து, மறுநாள் தலைக்குள் ரத்தக்கசிவால் போனவர். மூன்றாவது, அந்த மாமாவின் 7 வயது மகன். அடிக்கடி முழங்கால் வீங்கும், எண்ணெய் தேய்த்துக் கட்டுவார்கள்.

கீழே அவளுடைய முடிவு: 'மூவரும் ஆண்கள். மாமாவிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறது. ஆகவே வை.' என் பலகை வாக்கியத்தின் சரியான பிரயோகம். சிவப்புப் பேனையால் சரி போட்டு, 'நன்று' என்றும் எழுதினேன்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: "சேர், அப்படின்னா எங்க தம்பிக்கு வராதுதானே? அப்பா வேற வழி. அவனுக்கு வெள்ளிக்கிழமை பல்லுப் புடுங்கணும்."

கொப்பியை மறுபடி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை பார்த்தபோது

வை நிறமூர்த்தம் போகும் பாதை ஒன்றே ஒன்று. அப்பாவிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு. ஒரு மகனையும் விட்டுவைக்காது, மகளிடம் போகாது. ஆகவே ஓர் ஆணிடம் இருக்கும் வை, அவனுடைய தகப்பனிடமும் அதே வையாக இருக்கும்.

அம்மாச்சியின் அண்ணனுக்கு வை கிடைத்தது அம்மாச்சியின் அப்பாவிடமிருந்து. மாமாவுக்குக் கிடைத்தது தாத்தாவிடமிருந்து, அதாவது அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்த மனிதரிடமிருந்து. இரண்டு பேருக்கும் இரண்டு வெவ்வேறு வை. இரண்டுக்கும் ஒரே குறை என்றால் தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். அதை விடுங்கள், தாத்தா உயிரோடு இருக்கிறார். அவள் சொன்னபடி, கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு அவர் கைகளில் ஏழெட்டு உண்டு, எல்லாம் ஒழுங்காக ஆறியவை. மாமாவின் வை தாத்தாவின் வைதான். அதில் கோளாறு இல்லை.

அம்மாச்சியின் அண்ணனுக்கும் அவருடைய தங்கை மகனான மாமாவுக்கும் ஒரே வியாதி, நடுவில் நலமான ஒரு பெண், அம்மாச்சி. இப்படி வந்தால் எக்ஸை நினைக்க வேண்டும் என்பது பாடநூலின் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. ஆணுக்கு ஓர் எக்ஸ்தான், அதில் குறை இருந்தால் ஈடு செய்ய வேறொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு. ஹீமோபீலியா ஏ என்ற குருதி உறையாமை இப்படித்தான் வருகிறது. உறைதற்காரணி எட்டு என்ற புரதத்துக்கான பரம்பரையலகு எக்ஸில் இருக்கிறது. ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000க்கு ஒருவருக்கு இது வரும்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. மாமாவிடமிருந்து அவர் மகனுக்கு எப்படிப் போனது? அப்பா மகனுக்குக் கொடுப்பது வை, எக்ஸ் அல்ல. மாமாவின் மனைவி படத்தில் வெளியிலிருந்து வந்த வெறும் வட்டமாக இருந்தார். ஒரு நாள் முழுக்க இதிலேயே நின்றேன். எக்ஸ், வை அல்லாத சாதாரண நிறமூர்த்தம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன், மாமா யாரைக் கட்டினார் என்று.

"எங்க பெரியம்மா மகளத்தான் சேர். மாமாவுக்கு அக்கா மக. ஒரே ஆள ரெண்டு எடத்துல எப்படிப் போடுறதுன்னு தெரியல. அதான் தனியா ஒரு வட்டம் போட்டேன்."

படம் அப்போதுதான் முழுதானது. பெரியம்மா அம்மாச்சியின் மூத்த மகள். அந்த எக்ஸ் அம்மாச்சியிடமிருந்து இரண்டு வழியாக இறங்கியிருக்கிறது: நேரே மாமாவுக்கு ஒன்று, பெரியம்மா வழியாக மாமாவின் மனைவிக்கு இன்னொன்று. மகனுக்கு வியாதி வந்தது அம்மாவிடமிருந்து. அப்பாவுக்கும் அதே வியாதி இருந்ததால் அப்பாவிடமிருந்து வந்தது போலத் தெரிந்தது.

அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது நம்மிடம் புதிதல்ல. மருமகனும் மாமனும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் குடும்பங்களில், எக்ஸில் ஓடும் ஒன்று வை போல வேஷம் போட முடியும். குருதி உறையாமை ஓடிய ஐரோப்பிய அரச குடும்பப் படத்தை வைத்தே படித்த எனக்கு இது தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. சொந்தக்காரர்கள் இப்படிக் கட்டிக்கொண்ட வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நான் என்பதுதான் வெட்கம்.

எடுத்த முடிவுகள்

முதலில் பல். மாணவியின் தாய்க்குத் தகவல் அனுப்பி, இரத்தம் பார்த்த பிறகு பிடுங்கலாம் என்று சொன்னேன். தாய் காவியாக, அதாவது குறையுள்ள ஓர் எக்ஸைச் சுமப்பவராக, இருக்கப் பாதி வாய்ப்பு, அப்படியானால் பையனுக்கு மறுபடி பாதி, ஆக நான்கில் ஒன்று. பல் வலிக்குக் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அஸ்பிரின், இபுபுரோஃபன் வகைகள் ரத்தப்போக்கைக் கூட்டும், பரசிட்டமோல் போதும்.

வியாதியின் பெயரை நான் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். நான் வைத்தியன் அல்ல. என்னால் செய்ய முடிந்தது படத்தைச் சரியாக வரைந்து, வைத்தியருக்கு ஒரு கடிதத்தோடு கொடுத்தனுப்புவது. அதற்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தனியாகப் போகாமல், விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரையும் அழைத்துக்கொண்டேன். ரத்தத்தைப் பற்றிப் பெண்களிடம் நான் கேட்டால் பதில் வராது. இந்த விஷயத்தில் நான் எடுத்த உருப்படியான முடிவு அதுதான்.

வகுப்பில் உடனே எதையும் திருத்தவில்லை. திருத்தினால் யாருடைய படம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

லயத்தில்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். மழை. இஸ்தோப்பில் சாக்கு விரித்து உட்கார வைத்து, வெறுந்தேநீர் கொடுத்தார்கள். அம்மாச்சிதான் பேசினார். இது முனியாண்டி சாபம். அவருடைய அப்பா விறகுக்காகக் கோயில் மரத்தை வெட்டினார், ஆண் வாரிசு ரத்தம் சிந்தும் என்று சாமி வந்து சொன்னது. என் வகுப்பு வாக்கியமும் சாமி சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அப்போது பட்டது.

எக்ஸ், வை என்றெல்லாம் சொல்லாமல் விளக்கப் பார்த்தேன். உடம்புக்குள்ளே ரத்தத்தைக் கட்ட வைக்கும் மருந்து ஒன்று ஊறுகிறது, பெண்ணுக்கு அதற்கு இரண்டு பீலி (தண்ணீர் வரும் குழாய்), ஆணுக்கு ஒரே பீலி என்றேன். அம்மாச்சி தலையாட்டினார். "ஒரு பீலி காஞ்சா மத்ததுல புடிச்சுக்கலாம். ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணுதான், அது காஞ்சா போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப காஞ்ச பீலி எங்கிட்ட இருந்துதான் போயிருக்கா மாஸ்டர்?" என்று கேட்டார். அதற்கு நான் தயாராகப் போகவில்லை. உங்களுக்கே தெரியாமல் உங்களுக்கு வந்தது, உங்களுக்குத் தெரியாமல் போனது என்று ஏதோ சொன்னேன்.

ஆசிரியை அடுப்படியில் இருந்தார். திரும்பும்போது அவர் எழுதிவைத்திருந்தவை: பெரியம்மாவுக்கு முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், வைத்தியசாலையில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மாமாவின் மனைவிக்கு மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போகும், 'பொம்பளைக்கு அப்படித்தான்' என்று யாரிடமும் சொன்னதில்லை. மாமாவின் மகள், 9 வயது, வாரத்துக்கு ஒரு தடவையாவது மூக்கிலிருந்து ரத்தம் வரும். சூட்டு உடம்பு என்று வெந்தயத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியை நான் வாசித்தேன். கடிதத்தில் சேர்க்கவில்லை. ஏன்? எக்ஸில் ஓடும் பின்னிடைவான (நல்ல பிரதி ஒன்று இருந்தால் மறைந்திருக்கும்) குறை என்றால் ஆண்களுக்கு வியாதி, பெண்கள் காவிகள். இந்த இன்னொரு வாக்கியம் என் தலையில் அதற்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரு குறுக்குவழியை அழித்த இடத்தில் இன்னொன்றை எழுதியிருந்தேன்.

பின்னர் நடந்தது

தம்பிக்கு முதலில் பரிசோதனை நடந்தது. எல்லாம் வழமை. பல் பிடுங்கினார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தான், அரை மணியில் நின்றது. பாடசாலையில் நாங்கள் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம். கொஞ்சம் சங்கடமும் இருந்தது. பயமுறுத்திவிட்டோமோ என்று.

மாமாவின் மகனுக்குச் சிறுதட்டு (ரத்தம் உறைய உதவும் நுண்துணிக்கை) எண்ணிக்கை சரி, ஆனால் உறைதல் நேரங்களில் ஒன்று நீண்டிருந்தது. கண்டிக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக விடியற்காலை பஸ், அம்மாவுக்கு அன்றைய பெயர் (நாட்சம்பளம்) இல்லை. காரணி எட்டின் அளவு 100க்கு 3. சாதாரணமாக 50க்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் கடுமை, ஒன்றிலிருந்து ஐந்து வரை நடுத்தரம். காரணமே இல்லாமல் ரத்தம் வழிவது இதில் குறைவு, அடிபட்டால்தான் நிற்காது. மாமா 36 வயது வரை வாழ்ந்ததும், முழங்கால் வீக்கத்தை யாரும் வியாதியோடு சேர்த்துப் பார்க்காததும் இதனால்தான்.

அங்கிருந்த வைத்தியர் என் படத்தைப் பார்த்திருக்கிறார். மாமாவையும் அவர் மனைவியையும் சேர்க்கும் இரட்டைக் கோட்டில் (சொந்தத்துக்குள் கட்டியதன் குறி) விரலை வைத்து, பையனுக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காவுக்காக இருந்த வெள்ளை வட்டத்தைக் காட்டி, "இந்தப் பிள்ளை எங்கே?" என்று கேட்டாராம். பிள்ளை பெரியம்மாவோடு வீட்டில் இருந்தாள்.

அடுத்த கிளினிக்குக் கூட்டிப்போனார்கள். அவளுக்கு 100க்கு 4.

ஒரு தடவை போதாது என்று மறுபடியும் எடுத்தார்கள். பெண்பிள்ளையில் காரணி எட்டு குறைந்தால் வொன் வில்லிபிரான்ட் என்ற இன்னொரு குறையும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது.

கணக்கு எளிதானது. அப்பாவுக்கு இருந்தது ஒரே எக்ஸ், அது குறையுள்ளது. மகளுக்கு அதைத்தான் கொடுக்க முடியும். அம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்று குறையுள்ளது. அது கிடைக்கப் பாதி வாய்ப்பு. அம்மாச்சியின் சொல்லில், இரண்டு பீலியும் காய்ந்த பிள்ளை. இன்னொரு சாத்தியமும் உண்டு என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடும். பெரும்பாலான கலங்களில் நல்லது அடங்கிப்போனால், ஒரு குறை மட்டும் உள்ள பெண்ணுக்கும் அளவு இப்படி விழலாம். எது என்பதைப் பரம்பரையலகுப் பரிசோதனைதான் சொல்லும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஆக அந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டும் என்று மூன்று தலைமுறையாகச் சொன்ன வியாதி, ஒரு பெண்பிள்ளையின் மூக்கில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மாதவிலக்கு தொடங்கும். தெரியாமல் இருந்திருந்தால் முதல் மாதமே ஆபத்தாகியிருக்கலாம். இப்போது அதற்கென்று ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், தேவைப்பட்டால் காரணி ஊசி, ஹோர்மோன் மாத்திரை என்று முன்கூட்டியே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காதுமயிர் பற்றி

இதற்குப் பிறகுதான் என் பலகை உதாரணத்தைத் தேடி வாசித்தேன். காதுமயிர் தகப்பன் வழியாகப் போவதாக 1907இல் இத்தாலியிலிருந்து தொம்மாசி என்பவர் எழுதினார். 1960இல் துரோணம்ராஜு ஆந்திராவில் தன் சொந்தக் குடும்பப் படத்தையே வைத்து வை என்று வாதிட்டார். 1964இல் ஸ்டேர்ன், சென்டர்வோல், சர்க்கார் மூவரும் பெரிய அளவில் திரட்டிய தரவோடு அதை மறுபடி ஆராய்ந்தார்கள். கடைசியில் 2004இல், தென்னிந்தியாவில் காதுமயிர் உள்ள 50 ஆண்களின் வை நிறமூர்த்த வகைகளை, அந்த இயல்பு இல்லாதவர்களுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வையில் ஓடுவதாக இருந்தால் அவர்கள் ஒரு சில வகைகளில் குவிந்திருக்க வேண்டும். அப்படிக் குவியவில்லை. நம்ம பக்கத்துக் காதுகளை வைத்தே முடிந்துபோன விவாதத்தை, இத்தனை வருடம் கழித்தும் நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

என்னை அதிகம் நிறுத்தியது லாம்பர்ட் குடும்பம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முள்ளம்பன்றி போலத் தோல் தடித்த எட்வர்ட் லாம்பர்ட், அவருடைய வழிவந்த ஆண்கள். மகன்கள் எல்லோருக்கும் வரும், மகள்களுக்கு வராது என்று நூல்களில் நெடுங்காலம் வை உதாரணமாக இருந்தது. 1958இல் பென்ரோசும் ஸ்டேர்னும் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெண்களுக்கும் இருந்திருக்கிறது, எல்லா மகன்களுக்கும் இருக்கவில்லை. கூட்டத்தின் முன் காசுக்குக் காட்டப்பட்டவர்கள் ஆண்கள், அதனால் கதையில் நின்றவர்களும் ஆண்கள். லயத்து அடுப்படியில் எழுதிய குறிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

வையில் உண்மையாக இருப்பவை குறைவு. கருவை ஆணாகத் திருப்பும் எஸ்ஆர்வை, 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. விந்தணு உண்டாவதற்கான சில. அந்தப் பகுதி அறுந்துபோனால் பெரும்பாலும் பிள்ளையே பிறக்காது, பிறகு எங்கே பரம்பரை?

என் பாடத்தில் மாற்றியவை

'ஆண்களில் மட்டும் எனில் வை' என்ற வரி போய்விட்டது. இப்போது படம் பார்க்கும்போது பிள்ளைகள் முதலில் தேடுவது, அந்த ஆணின் அப்பாவுக்கு இருக்கிறதா, அவனுடைய மகன்கள் எல்லோருக்கும் இருக்கிறதா என்பதை. ஒரு இடத்தில் இல்லை என்றாலும் அது வை அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்து, பெண்களிடம் யாராவது கேட்டார்களா. மூன்றாவது, யார் யாரைக் கட்டினார்கள். ஒரே ஆளை இரண்டு இடத்தில் வரைவது எப்படி என்பதற்கு ஒரு பாடவேளை தனியாக ஒதுக்குகிறேன்.

பாலினத்தால் மட்டுப்பட்ட இயல்புக்கு, அதாவது ஆண் பெண் இரண்டிலும் இருந்தும் ஒன்றில் மட்டும் வெளியே தெரிவதற்கு, உதாரணமாக மாடு போதும். எங்கள் பக்கம் லயத்துக்கு ஒரு கொட்டிலாவது இருக்கும். செயற்கைச் சினைக்குக் காளையைத் தெரிவு செய்யும்போது அதன் மகள்கள் எத்தனை லீற்றர் கறக்கின்றன என்று பார்க்கிறார்கள். காளை கறக்காது. ஆனாலும் பால் குணம் அதற்குள் இருக்கிறது, சாதாரண நிறமூர்த்தங்களில். பசுவில் மட்டும் தெரிகிறது என்பதற்காக அது பசு வழியாக மட்டும் வருவதில்லை. பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆணின் வழுக்கையும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்: அதில் எக்ஸுக்கும் பங்குண்டு, மற்றப் பல நிறமூர்த்தங்களுக்கும் பங்குண்டு, ஆணின் ஹோர்மோன் இருக்கும் உடம்பில் அது வெளியே தெரிகிறது.

சொந்தக் குடும்பத்தை வரையச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இந்த முறை நன்மையில் முடிந்தது என்பதற்காக அது நல்ல பயிற்சி ஆகாது. ஒரு பிள்ளையின் வீட்டு வியாதியோ, தகப்பன் யார் என்ற கேள்வியோ முப்பது பேர் முன்னால் கொப்பியில் கிடக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகும் முன் அம்மாச்சியின் கேள்விக்கு நான் பதில் யோசித்திருக்க வேண்டும். சாபம் ஆண் வழியிலிருந்து பெண் வழிக்கு மாறியதுதான் அந்த லயத்தில் முதலில் பரவிய செய்தி. பெரியம்மாவோடு சில மாதம் யாரோ பேசவில்லை. அந்தத் தாத்தாதான் தழும்புக் கையைக் காட்டி, சாமி என்னை விட்டுச்சு, இவளைப் புடிச்சுச்சுன்னு சொல்றவன் முன்னால வா என்று ஒரு திருவிழாவில் சத்தம் போட்டாராம்.

இன்றைய நிலை

பையனும் சிறுமியும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்குப் போகிறார்கள். இருவரிடமும் அட்டை இருக்கிறது. தசையில் ஊசி போட வேண்டாம், அஸ்பிரின் வேண்டாம், அடிபட்டால் உடனே அனுப்பவும் என்று மூன்று மொழியில் எழுதியது. சிறுமியின் அட்டையின் பிரதி ஒன்று அவள் படிக்கும் பாடசாலை அலுவலகத்திலும் ஒட்டியிருக்கிறது. முழங்கால் வீங்கினால் எண்ணெய் தேய்ப்பதில்லை. ஐஸ் கட்டி, கட்டு, ஓய்வு.

மாணவியின் தாய்க்குப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. தம்பி நலமாக இருப்பதால் தாய் காவியாக இருக்கும் வாய்ப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைகிறது, மாணவிக்கு ஆறில் ஒன்று. இந்தக் கணக்கை அவளே போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். இந்தத் தடவை ஒரு நாள் வைத்திருந்து, இரண்டு தடவை பார்த்த பிறகு சரி போட்டேன்.

ரத்தம் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். "பரீட்சை முடியட்டும் சேர்" என்றாள்.